கொரியாவிலிருந்து குழந்தை வரும்வரை: சொல்லாலையும் சுசோக்கையும் வீட்டில் எப்படிப் பழகுவது?

கேள்வி இது: அமெரிக்காவில் இருக்கும் ஒரு தமிழ்த் தம்பதி, கொரியாவிலிருந்து குழந்தையைத் தத்தெடுக்க விண்ணப்பித்து, ஹோம் ஸ்டடியும் (தத்துக்கு முன் குடும்பத்தையும் வீட்டையும் பார்த்து எழுதும் ஆய்வு) முடித்துவிட்டுக் காத்திருக்கிறார்கள். இன்னும் எத்தனை வருடம் என்று தெரியாது. அதற்குள் கொரியப் பண்டிகைகளை வீட்டில் கொண்டாடத் தொடங்கலாமா? எவற்றை, எப்படி? எது தவறாகப் போகும்?

தொடங்கலாம். இந்த வருடமே தொடங்குங்கள். குழந்தை வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைத்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். கொரியாவிலிருந்து வருவது தொட்டில் குழந்தை அல்ல. 2012 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த சட்டத் திருத்தம் குடும்ப நீதிமன்றத்தின் ஒப்புதலைக் கட்டாயமாக்கியது. உள்நாட்டில் குடும்பம் தேடிப் பார்த்த பிறகுதான் வெளிநாடு. அதனால் பெரும்பாலான குழந்தைகள் இரண்டு வயதைத் தாண்டித்தான் வந்து சேர்ந்தார்கள். 2025 ஜூலை 19 முதல் மொத்த நடைமுறையும் தனியார் முகமைகளிடமிருந்து அரசின் பொறுப்புக்கு மாறிவிட்டது. அதே ஆண்டு அக்டோபர் 1 முதல் நாடுவிட்டு நாடு தத்தெடுப்பதற்கான ஹேக் தத்து உடன்படிக்கையும் அமலில் இருக்கிறது. ஆகவே முன்பு தத்தெடுத்தவர்கள் சொல்லும் மாதக்கணக்கை வைத்து நாள் குறிக்காதீர்கள். எப்போது வந்தாலும் வருவது நடக்கிற, பேசுகிற, எது பிடிக்கும் பிடிக்காது என்று தெரிந்த ஒரு குழந்தை. முதல் ஆறு மாதம் தூக்கம், அழுகை, மொழி, மருத்துவர் என்றே ஓடிவிடும். அந்த நேரத்தில் வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்து அரிசிமாவு பிசைய யாருக்கும் கை வராது. கை பழக வேண்டிய காலம் இதுதான்.

ஆனால் நாள்காட்டியில் இருக்கும் எல்லாப் பண்டிகையையும் இழுத்துப் போட்டுக்கொள்ள வேண்டாம். சொல்லால், சுசோக் என்ற இரண்டு பெரிய பண்டிகை, ஒரு பிறந்தநாள் சூப், இவ்வளவு போதும். விளக்கும் தோரணமும் கடையில் கிடைக்கும், ஒரு மணி நேரத்தில் மாட்டிவிடலாம். சமையலும் வணங்கும் முறையும் அப்படி இல்லை.

முதலில் நாள். சந்திர வருடத்தின் முதல் நாள் சொல்லால், எட்டாம் மாதப் பௌர்ணமி சுசோக். (கொரிய உச்சரிப்பைத் தமிழில் எழுதினால் 'சொல்லால்' என்றே ஆகிவிடுகிறது. அதற்கும் நம் சொல்லுக்கும் உறவு தேட வேண்டாம்.) சொல்லால் 2026-ல் பிப்ரவரி 17, 2027-ல் பிப்ரவரி 7. சுசோக் 2026-ல் செப்டம்பர் 25, 2027-ல் செப்டம்பர் 15. அமெரிக்க நாள்காட்டிகளில் 'சீனப் புத்தாண்டு' என்று போட்டிருக்கும் தேதியை அப்படியே எடுத்துக்கொண்டால் 2027-ல் ஒரு நாள் பிசகும். அந்த அமாவாசை பெய்ஜிங் நேரப்படி பிப்ரவரி 6 நள்ளிரவுக்குச் சில நிமிடம் முன்னால் முடிகிறது. சியோலில் அப்போது மணி ஒன்றை நெருங்கி 7-ஆம் தேதி பிறந்திருக்கும். எனவே கொரிய நாள்காட்டியை மட்டும் பாருங்கள்.

சுசோக்குக்கு நம்மிடமே ஒரு அடையாளம் இருக்கிறது. பெரும்பாலான ஆண்டுகளில் விநாயகர் சதுர்த்தி முடிந்து பத்துப் பதினோரு நாளில் வரும் பௌர்ணமிதான் அது. இரண்டு நாள்காட்டியும் அதிகமாதத்தை வெவ்வேறு இடத்தில் சேர்க்கும் வருடங்களில் மட்டும் தள்ளிப்போகும். 2025-ல் அப்படித்தான் அக்டோபர் 6 வரை போனது. கொழுக்கட்டைப் பாத்திரத்தை எடுத்து உள்ளே வைக்காதீர்கள், மறுபடி தேவைப்படும்.

சொல்லாலில் இருந்து தொடங்குவோம். அன்று காலை எல்லா வீட்டிலும் தொக்குக். தட்டையான அரிசிக்கேக் வில்லைகள் மிதக்கும் தெளிந்த சூப். இதைக் குடித்தால்தான் ஒரு வயது கூடியதாகக் கணக்கு. அந்தக் கணக்கு உங்களுக்கும் தேவைப்படும். பழைய கொரிய முறையில் பிறந்தவுடன் ஒரு வயது, ஒவ்வொரு புத்தாண்டுக்கும் ஒன்று கூடும். 2023 ஜூன் 28 முதல் சட்டப்படி எல்லாருக்கும் பன்னாட்டு முறைதான், ஆனாலும் பேச்சில் பழையது போகவில்லை. குழந்தையைப் பார்த்துக்கொள்பவர் 'மூன்று வயது' என்றால் அது ஒன்றே முக்கால் வயதாகக்கூட இருக்கலாம். பிறந்த தேதியை மட்டுமே நம்புங்கள்.

இரண்டு பேருக்கு 300 கிராம் வில்லைகள். கொரியக் கடையில் நீள்வட்ட நாணயம்போல் வெட்டி பாக்கெட்டில் இருக்கும். பக்கத்திலேயே விரல் தடிமனில் நீளக் குச்சிகளாக இருப்பது தொக்பொக்கி என்ற காரப் பண்டத்துக்கானது, அதை எடுக்காதீர்கள். உறைந்த வில்லைகளைக் குளிர்ந்த நீரில் 30 நிமிடம் ஊறவிட வேண்டும். ஊறாமல் போட்டால் வெளியே கரைந்து உள்ளே சுண்ணாம்புக்கட்டிபோல் நிற்கும். சூப்புக்கு வழக்கமாக மாட்டிறைச்சி. உங்கள் வீட்டில் அது இல்லையென்றால் குற்ற உணர்வே வேண்டாம், ஏனென்றால் பழைய காலத்தில் இந்தச் சூப் ஃபெசன்ட் என்ற காட்டுப்பறவையில் வைத்தது. அது கிடைக்காத வீட்டில் கோழி போட்டார்கள். 'ஃபெசன்டுக்குப் பதில் கோழி' என்று கொரியாவில் ஒரு பழமொழியே இருக்கிறது. அதை இந்தச் சூப்போடு சேர்த்துத்தான் விளக்குவார்கள். எலும்போடு 300 கிராம் கோழியை ஒன்றரை லிட்டர் தண்ணீரில் நுரை எடுத்து 40 நிமிடம் சிறு தீயில் வைத்தால் போதும்.

சைவம் என்றால் அதே அளவு தண்ணீரில் பத்து சென்டிமீட்டர் சதுரத்தில் ஒரு துண்டு தாசிமா என்கிற கடற்பாசி, நான்கு காய்ந்த ஷிடாகே காளான், 150 கிராம் கொரிய முள்ளங்கி. கொதி வந்து பத்தாவது நிமிடம் தாசிமாவை வெளியே எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் கொழகொழப்பும் கசப்பும் இறங்கும். மற்றவை இன்னும் 20 நிமிடம் கொதிக்கலாம். இங்கே சைவர்கள் வழுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. டாசிடா என்று ஒரு சூப் பொடி எல்லாக் கடையிலும் இருக்கும். பெயர் தாசிமாபோல் ஒலிக்கும், ஆனால் பரவலாக விற்பது மாட்டிறைச்சி டாசிடா. கிம்ச்சியிலும் பெரும்பாலும் இறால் உப்போ மீன் சாஸோ இருக்கும். சைவ கிம்ச்சி தனியாகக் கேட்டு வாங்க வேண்டும்.

வடிகட்டிய சூப்பில் குக்கான்ஜாங் ஒரு மேசைக்கரண்டி, நசுக்கிய பூண்டு ஒரு பல், மீதிக்கு உப்பு. குக்கான்ஜாங் என்பது சூப்புக்கான சோயா சாஸ்: நிறம் குறைவு, உப்பு அதிகம். சாதாரண சோயா சாஸை ஊற்றினால் சூப் ரசம்போல் கறுத்துவிடும். புத்தாண்டுச் சூப் வெளுப்பாக இருக்க வேண்டும் என்பதே அதன் பொருள். ஊறிய வில்லைகளைப் போட்டு அவை மேலே மிதந்து, கடித்தால் மெத்தென்று ஆகும்வரை ஐந்தாறு நிமிடம். முட்டையின் வெள்ளையையும் மஞ்சளையும் தனித்தனியாக மெல்லிய தோசைபோல் சிறு தீயில் சுட்டு, சாய்சதுரமாக நறுக்கி மேலே வையுங்கள். கூடவே நொறுக்கிய கிம் பாசியும் வெங்காயத்தாளும். உடனே சாப்பிட வேண்டும். மீதியைச் சூப்போடு வைத்தால் ஒரு மணி நேரத்தில் வில்லைகள் தண்ணீரைக் குடித்துக் கஞ்சியாகிவிடும். எனவே சூப்பைத் தனியாக வைத்துக்கொண்டு, தேவைக்கு மட்டும் வில்லை போடுங்கள்.

சாப்பாட்டை விட முக்கியமானது செபே, பெரியவர்களை வணங்குவது. காலில் விழுந்து பழகிய நமக்கு இது சுலபம் என்று தோன்றும், ஆனால் கை வைக்கும் முறையில் ஒரு கண்ணி இருக்கிறது. ஒரு கையின் மேல் மற்றொன்றை வைக்கும்போது ஆண்கள் இடக்கையை மேலே வைப்பார்கள், பெண்கள் வலக்கையை. நமக்கு இடக்கை மேலே என்றதும் தயக்கம் வரும், மாற்றி வைக்கத் தோன்றும். மாற்றி வைப்பது துக்க வீட்டு முறை. எண்ணிக்கையும் அப்படியே: உயிரோடு இருப்பவர்களுக்கு ஒரு வணக்கம், இறந்தவர்களுக்கு இரண்டு. உற்சாகத்தில் இன்னொரு முறை விழுந்துவிடாதீர்கள்.

ஆண்கள் இடமுழங்காலை முதலில் ஊன்றி, பிறகு வலது; கோத்த கைகளைத் தரையில் வைத்து நெற்றி கைக்கு அருகில் வரும்வரை குனிந்து, சற்று நின்று எழ வேண்டும். பெண்களின் முழு வணக்கத்தில் கோத்த கைகளை நெற்றி உயரத்துக்குத் தூக்கி மெதுவாக உட்கார வேண்டும். புடவையிலோ ஹன்பொக் என்ற கொரியப் பாரம்பரிய உடையின் பாவாடையிலோ அது தடுமாறும், ஆகவே வீட்டில் மண்டியிட்டு, கைகளை இருபக்கமும் தரையில் வைத்துக் குனியும் எளிய வணக்கம் போதும். எழுந்து உட்கார்ந்த பிறகு பெரியவர் வாழ்த்துச் சொல்வார். 'செஹே பொக் மானி பாதுசேயோ', அதாவது புத்தாண்டில் நிறைய நற்பேறு பெறுங்கள் என்பது எல்லாருக்கும் பொதுவான வாழ்த்து. பணம் கொடுத்தால் இரண்டு கையாலும் வாங்க வேண்டும், எதிரிலேயே பிரித்து எண்ணக்கூடாது.

இன்னும் குழந்தை இல்லை, பெரியவர்கள் ஊரில் இருக்கிறார்கள், யாரை வணங்குவது? கணவனும் மனைவியும் எதிரெதிரே நின்று ஒரே நேரத்தில் ஒருவரை ஒருவர் வணங்கும் மட்ஜொல் என்று ஒரு வழக்கம் உண்டு. இந்த வருடம் அதைச் செய்யுங்கள். ஊரில் இருக்கும் தாத்தா பாட்டிக்கு வீடியோவில் ஒரு செபே. அவர்களுக்கும் ஆர்வம் வந்தால், சென்னையில் இன்கோ மையத்தில் கொரிய மொழி வகுப்பு நடக்கிறது. நாலு வார்த்தை தெரிந்த பாட்டி கிடைப்பது குழந்தைக்கு லாபம்தானே.

மாலைக்கு யுன்னோரி. தாயம் ஆடிய வீடு என்றால் ஐந்து நிமிடத்தில் பிடிபடும். ஒரு பக்கம் தட்டை, ஒரு பக்கம் உருண்டையாக நான்கு குச்சிகள். தட்டைப் பக்கம் மேலே விழுந்த எண்ணிக்கைதான் நகர்வு: ஒன்று தோ, இரண்டு கே, மூன்று கொல், நான்கு யுத். நான்கும் கவிழ்ந்தால் மோ, ஐந்து நகர்வு. யுத், மோ விழுந்தாலும் எதிரி காயை வெட்டினாலும் இன்னொரு ஆட்டம். ஆளுக்கு நான்கு காய், பலகையில் 29 புள்ளிகள். மூலையில் சரியாக நின்றால் நடுவழியே குறுக்குப் பாதை. ஒரு குச்சியில் அடையாளம் போட்டிருந்தால் அது மட்டும் தட்டையாக விழும்போது ஒரு புள்ளி பின்னால் போக வேண்டும். வெறும் தரையில் போட்டால் குச்சி உருண்டு ஓடும், கீழே ஒரு போர்வை விரியுங்கள்.

அடுத்து சுசோக். அதன் பலகாரம் சோங்ப்யொன். தமிழ் வீட்டுக்கு இதைவிட நெருக்கமான கொரியப் பண்டம் இல்லை: அரிசிமாவில் எள் பூரணம் வைத்து ஆவியில் வேகவைத்த அரைநிலாக் கொழுக்கட்டை. 2026-ல் புரட்டாசியில் வருகிறது. சோங்ப்யொன் சைவம்தான், சிக்கல் இல்லை. ஆனால் கொழுக்கட்டை மாவிலேயே செய்துவிடலாம் என்று இறங்கினால் அங்கேதான் கெடும். நம் இடியாப்ப மாவு வறுத்தது, நீள அரிசியில் அரைத்தது. ஆறியதும் விறைத்து வெடிக்கும். சோங்ப்யொனுக்கு வேண்டியது வறுக்காத குட்டை அரிசி. ஒட்டரிசி மாவும் அல்ல, அது வெந்ததும் உருவம் குலைந்து பரவிவிடும். பாக்கெட்டில் மெப்சல் என்றால் சாதா அரிசி, சாப்சல் என்றால் ஒட்டரிசி. கொரிய எழுத்தில் முதல் எழுத்து மட்டுமே பளிச்சென்று வித்தியாசப்படும், இரண்டையும் போனில் படமெடுத்து வைத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். ஈரமாக அரைத்து உறையவைத்த மாவு குளிர்பெட்டியில் இருந்தால் அதுதான் உத்தமம். கிடைக்காவிட்டால் சுஷி அரிசியை இரவு முழுக்க ஊறவைத்து, அரைமணி நேரம் வடியவிட்டு, மிக்சியில் பொடித்துச் சலியுங்கள்.

ஈரமாவு 500 கிராமுக்கு உப்பு ஒரு தேக்கரண்டி, கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் 120-லிருந்து 150 மில்லி. மாவில் ஏற்கெனவே உப்பு சேர்த்திருக்கிறார்களா என்று பாக்கெட்டில் பாருங்கள். காய்ந்த மாவு என்றால் தண்ணீர் ஏறக்குறைய மூன்று மடங்கு பிடிக்கும். தண்ணீர் உண்மையிலேயே கொதித்திருக்க வேண்டும். அரிசியில் பசை இல்லாததால், சூடு பட்டு மாவின் ஒரு பகுதி வெந்தால்தான் ஒட்டிப் பிடிக்கும். கைபொறுக்கும் சூடு வந்ததும் பத்து நிமிடம் விடாமல் பிசையுங்கள். காதுமடல்போல் மென்மையாக வர வேண்டும் என்பார்கள். ஈரத்துணி போட்டு மூடி அரைமணி நேரம் விடுங்கள்.

பூரணத்துக்கு வறுத்துப் பாதி நொறுக்கிய வெள்ளை எள் முக்கால் கப், சர்க்கரை நான்கு மேசைக்கரண்டி, தேன் ஒன்று, உப்பு கால் தேக்கரண்டி. 20 கிராம் உருண்டையாகப் பிடித்தால் முப்பதுக்கு மேல் வரும். குழித்து ஒரு தேக்கரண்டி பூரணம் வைத்து ஓரத்தை ஒட்டுங்கள். இதன் பிறகு கொழுக்கட்டையில் நாம் செய்யாத ஒரு வேலை இருக்கிறது. மூடிய உருண்டையை உள்ளங்கையில் வைத்து நான்கைந்து முறை இறுக்கிப் பிடித்து உள்ளே இருக்கும் காற்றை வெளியே தள்ள வேண்டும். விரிசல் தெரிந்தால் விரலை நனைத்துத் தடவி மறுபடி இறுக்கலாம். காற்று இருந்தால் ஆவியில் விரிந்து தையல் பிளக்கும், உருகிய சர்க்கரை அத்தனையும் இட்லிப் பானைத் தண்ணீரில் போய்ச் சேரும். பிறகுதான் அரைநிலா வடிவம்.

சோங் என்றால் பைன் மரம். பைன் ஊசியிலைகளைக் கழுவிப் பரப்பி அதன் மேல் வைத்து வேகவைப்பதால்தான் அந்தப் பெயர். வாசனையும் வரும், ஒன்றோடொன்று ஒட்டவும் ஒட்டாது. ஆனால் வீட்டு வாசலில் நிற்கும் மரத்திலிருந்து பறித்துவிடாதீர்கள். அமெரிக்க வீடுகளில் வேலிக்கு வளர்க்கும் யூ மரமும் ஊசியிலைதான், அது கடும் விஷம்; நல்ல பைனாக இருந்தாலும் பூச்சிமருந்து அடித்திருப்பார்கள். சந்தேகம் இருந்தால் ஈரத்துணியே போதும். தண்ணீர் கொதித்து ஆவி நன்றாக வந்த பிறகு வைத்து 20 நிமிடம், அடுப்பை அணைத்து மூடியபடி ஐந்து நிமிடம். எடுத்ததும் குளிர்ந்த நீரில் ஒரு முக்கு முக்கி எள்ளெண்ணெய் தடவுங்கள், நம் நல்லெண்ணெய் அல்ல. கொரிய எள்ளெண்ணெய் வறுத்த எள்ளில் எடுத்தது, மணம் வேறு, இதற்கு அதுதான் சரி. மீந்ததை ஃபிரிட்ஜில் வைத்தால் மறுநாள் கல்லாகிவிடும். ஆறியதும் ஃபிரீசரில் போட்டு, வேண்டும்போது பத்து நிமிடம் ஆவியில் வையுங்கள்.

சோங்ப்யொனை அழகாகப் பிடிப்பவளுக்கு அழகான பெண் குழந்தை பிறக்கும் என்று ஒரு பேச்சு உண்டு. கொரியத் தேவாலயத்திலோ நண்பர் வீட்டிலோ மாவு பிடிக்க உட்கார்ந்தால் யாராவது ஒரு பாட்டி இதைச் சொல்லாமல் விடமாட்டார். காத்திருப்பவர்களுக்கு அது சுருக்கென்று குத்தலாம். சொல்பவர் மனதில் வாழ்த்து மட்டும்தான்.

சுசோக்கோடு சேர்ந்து வருவது சார்யே, முன்னோருக்குப் படையல். இதைச் செய்ய வேண்டுமா என்று பலர் கேட்கிறார்கள். வேண்டாம் என்பது என் தெளிவான கருத்து. சார்யே ஒரு குடும்பம் தன் வம்சத்துக்குச் செய்வது. குழந்தையின் வம்சம் உங்களுக்குத் தெரியாது. ஆவணத்தில் இருப்பதுகூடச் சரியா என்று சொல்ல முடியாது. கொரியாவின் உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் 2025 மார்ச்சில் வெளியிட்ட அறிக்கையில், அதற்கு முந்தைய பல பத்தாண்டுகளில் வெளிநாட்டுக்கு அனுப்பப்பட்ட குழந்தைகளின் பதிவுகள் திருத்தப்பட்டதையும் உரிமைகள் மீறப்பட்டதையும் ஒப்புக்கொண்டது. தெரியாத முன்னோருக்குப் படைப்பது நாடகமாகிவிடும். கொரியாவிலேயே கிறிஸ்தவக் குடும்பங்கள் பலவும் இதைச் செய்வதில்லை. செய்பவர்களுக்கும் சொங்க்யுன்க்வான் என்ற கன்பூசிய அமைப்பு 2022 செப்டம்பரில் எளிய முறையை வெளியிட்டது: ஒன்பது பண்டம் போதும், எண்ணெயில் பொரித்த ஜொன் அவசியமே இல்லை என்று. பண்டிகை என்றால் பெண்கள் நாள் முழுக்க அடுப்பருகே ஜொன் சுட்டே களைத்துப் போவது அங்கே பெரிய குறை. உங்கள் வீட்டில் அமாவாசைப் படையல் வழக்கம் இருந்தால் அது அதன் நாளில் நடக்கட்டும்.

இதில் ஆசையில் நடந்துவிடும் ஒரு தவறு இருக்கிறது. முகமை அனுப்பிய குழந்தையின் படத்தைச் சட்டம் போட்டு, மேசை நடுவே வைத்து, சுற்றிலும் பழமும் அரிசிக்கேக்கும் அடுக்கி, பக்கத்தில் ஊதுபத்தி அல்லது மெழுகுவர்த்தி. பார்க்க அழகாக இருக்கும். கொரியர் ஒருவர் உள்ளே வந்தால் திடுக்கிடுவார், ஏனென்றால் இறந்தவரின் படத்துக்கு முன்னால்தான் அப்படி வைப்பார்கள். உயிரோடு இருப்பவர் படத்துக்கு நாம் மாலை போடுவோமா? அதே கதை. படம் அலமாரியிலோ சுவரிலோ இருக்கட்டும், உணவு மேசைக்கு வர வேண்டாம். அதேபோல் குழந்தையின் பெயரைச் சிவப்பு மையில் எழுதாதீர்கள். நமக்குச் சிவப்பு மங்கலம். கொரியாவில் உயிரோடு இருப்பவர் பெயரைச் சிவப்பில் எழுதுவது ஆகாது. கறுப்பு, நீலம், பச்சை எதுவும் சரி. சோற்றில் கரண்டியைச் செங்குத்தாகக் குத்தி நிறுத்துவதும் படையல் முறை.

மூன்றாவதாகச் சொன்ன சூப் மியொக்குக், கடற்பாசிச் சூப். பிள்ளை பெற்ற தாய்க்கு அங்கே இதைத்தான் வாரக்கணக்கில் கொடுப்பார்கள். அதனால் ஒவ்வொரு பிறந்தநாளிலும் பெற்றவளை நினைத்து இதைக் குடிப்பது வழக்கம். குழந்தை ஒதுக்கப்பட்டு, பிறந்த தேதி தெரிந்த நாளிலிருந்து, அது இன்னும் அங்கேயே இருந்தாலும், அந்தத் தேதியில் மியொக்குக் வையுங்கள். என்னைக் கேட்டால் இந்தக் காத்திருப்பில் செய்யத்தக்கது என்று ஒன்றே ஒன்றைச் சொல்ல வேண்டுமானால் இதைத்தான் சொல்வேன். குழந்தை வந்த பிறகு பெற்ற தாயைப் பற்றிப் பேச ஒவ்வொரு வருடமும் ஒரு கிண்ணம் சூப் இருக்கும்.

காய்ந்த மியொக் 20 கிராம் நான்கு பேருக்குக் காணும். கைப்பிடி அளவுதானே என்று ஐம்பது கிராம் போட்டால் பாத்திரம் பொங்கி வழியும், ஊறினால் பத்து மடங்கு ஆகிற வஸ்து அது. 20 நிமிடம் ஊறவிட்டு, இரண்டு முறை கசக்கி அலசி, நறுக்கி, எள்ளெண்ணெயில் மூன்று நிமிடம் வதக்கிய பிறகுதான் தண்ணீர். வதக்காமல் விட்டால் கடல்வாடை நிற்கும். ஒன்றரை லிட்டர் ஊற்றி, குக்கான்ஜாங் ஒன்றரை மேசைக்கரண்டி, பூண்டு இரண்டு பல், 30 நிமிடம் கொதி. மாட்டிறைச்சிக்குப் பதில் சிப்பியோ காளானோ போடலாம்.

பெகில் என்னும் நூறாம் நாள், தோல் என்னும் முதல் பிறந்தநாள், இரண்டும் பெரும்பாலும் நீங்கள் இல்லாமல் முடிந்திருக்கும். குழந்தையை அங்கே வளர்ப்பவர், விதாக்மோ என்பார்கள், செய்திருக்கக்கூடும். தோல் அன்று நூல், பணம், பென்சில், அரிசி என்று பரப்பி வைத்துக் குழந்தை எதை எடுக்கிறது என்று பார்ப்பார்கள், தோல்ஜாபி என்று பெயர். எதை எடுத்தது என்று கேளுங்கள், படம் இருந்தால் பிரதி கேளுங்கள். நீங்களாக இங்கே குழந்தை இல்லாமல் ஒரு தோல் விழா நடத்த வேண்டாம். ஹன்பொக்கும் முன்கூட்டி வாங்க வேண்டாம். வயதைப் பார்த்து வாங்கியது உயரத்துக்குப் பொருந்தாது. அங்கே போகும்போது சியோலில் வாங்கிவிடலாம்.

மற்றவற்றைத் தொட்டுவிட்டுப் போகலாம். டிசம்பர் 21 அல்லது 22-ல் தோங்ஜி, சிவப்புப் பயறுக் கஞ்சி. மே 5 குழந்தைகள் தினம், மே 8 பெற்றோர் தினம். மே 11 தத்து தினம். ஒரு குடும்பம் ஒரு குழந்தையைச் சேர்த்துக்கொள்வது என்ற கணக்கில் 1, 1 என்று தேதி வைத்து 2006 முதல் அனுசரிக்கிறார்கள். சொல்லால் கழிந்து முதல் பௌர்ணமியில் தெபொரும், ஐந்து தானியச் சோறு. அன்று காலை யாரையாவது பெயர் சொல்லிக் கூப்பிட்டு, அவர் 'என்ன' என்றதும் 'என் வெயிலை வாங்கிக்கோ' என்றால் அந்தக் கோடை முழுக்க உங்கள் வெயில் அவர் தலையில். சென்னைக்காரர்கள் பழகிக்கொள்ள வேண்டிய பண்டிகை.

இதையெல்லாம் தனியாக வீட்டுக்குள் செய்துகொண்டிருந்தால் பாதிதான். கொரியாவில் பிறந்து வேறு நாட்டில் வளர்ந்தவர்கள், 1985-ல் மட்டும் 8,800 குழந்தைகளுக்கு மேல் அனுப்பப்பட்ட அந்தத் தலைமுறை, பலர் இன்று நடுவயதில் இருக்கிறார்கள். வருடத்துக்கு ஒருநாள் ஹன்பொக் போட்டுப் படம் எடுத்தார்கள், மற்ற நாளில் என்னைப்போல் முகம் உள்ள ஒருவரும் என் வாழ்க்கையில் இல்லை என்பது அவர்களில் பலர் சொல்லும் குறை. சனிக்கிழமைக் கொரியப் பள்ளி, தேவாலயம், பக்கத்துக் கடை என்று இப்போதே பழகி, சுசோக்குக்கு நீங்களே ஒரு தட்டு சோங்ப்யொன் கொண்டுபோய்க் கொடுங்கள். கோணலாக இருந்தால் திருத்திக் காட்டுவார்கள், அதிலிருந்தே பழக்கம் வளரும்.

குழந்தை வந்த முதல் வருடம் பண்டிகையைச் சுருக்குங்கள். கூட்டம், புதுத் துணி, கேமரா எதுவும் வேண்டாம். தொக்குக் வில்லை, சோங்ப்யொன் இரண்டும் ஒட்டும் பண்டம், சின்னக் குழந்தைக்குத் தொண்டையில் அடைக்கும். வில்லையை நீளவாக்கில் மெல்லிய கீற்றாக நறுக்கி, பக்கத்தில் உட்கார்ந்து கொடுக்க வேண்டும். சோங்ப்யொன் இன்னும் ஒரு வருடம் பொறுக்கலாம். எள் ஒவ்வாமை இருக்கிறதா என்று மருத்துவக் குறிப்பில் பாருங்கள். இன்னொன்று, கொரிய மொழியில் அம்மா 'ஒம்மா', அப்பா 'அப்பா'வேதான். நமக்கு இது கேட்கவே சுகம். ஆனால் அந்தக் குழந்தைக்கு 'ஒம்மா' என்று ஏற்கெனவே ஒருவர் இருந்திருப்பார். நீங்கள் 'அம்மாகிட்ட வா' என்றதும் அது வாசலைப் பார்த்தால், அவரைத் தேடுகிறது என்று புரிந்துகொள்ளுங்கள்.

அனுமதி கிடைத்தால் அந்த விதாக்மோவிடம் கேட்க வேண்டியவற்றைக் கொரிய மொழியில் வரிக்கு ஒரு கேள்வியாக எழுதி அனுப்புங்கள்: எந்தச் சூப், சோறு எவ்வளவு குழைவாக, தூங்க வைக்கும்போது முதுகில் தூக்கிக் கட்டிக்கொள்வாரா, என்ன பாட்டு, சொல்லாலுக்கு என்ன சாப்பிட்டது. 'மியொக்குக்கில் சோற்றைக் கரைத்துக் கொடுத்தால் சாப்பிடும்' என்று ஒரே வரி பதில் வந்தால், அன்றிலிருந்து வாரம் ஒருமுறை அந்தச் சூப்பை வையுங்கள், உப்பு அளவு உங்கள் கைக்கு வரும்வரை.